நெட்டால் தாத்தாவும் ஓர் அடமானப் பத்திரத்தின் பின்பக்கமும்

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. கடைக்கு அனுப்பின பையன் சீக்கிரம் திரும்பவில்லை என்றால் ஆயா (அப்பாவின் அம்மா) திண்ணையில் உட்கார்ந்தபடியே, "எங்கடா போனான், நெட்டாலுக்கா?" என்பார். சின்ன வயசில் நான் நெட்டால் என்றால் ஆரணி, ஆம்பூர் மாதிரி பக்கத்து ஊர் ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். அது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று புரிந்தபோது கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன்.

நெட்டாலுக்குப் போனவர் ஆயாவுடைய தாத்தா. ஆயாவின் அப்பா இரண்டு வயசுக் குழந்தையாக இருந்தபோது போனவர், திரும்பவே இல்லை. வீட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. நானும் இங்கே "நெட்டால் தாத்தா" என்றே எழுதுகிறேன்.

அவர் எப்படிப் போனார் என்பதற்கு வீட்டில் இரண்டு கதைகள். ஆயா சொன்னது: "வண்டி ஓட்டிக்கினு பட்டணம் போனாரு. புடிச்சி கப்பல்ல ஏத்திட்டானுங்க." ஆயாவின் தம்பி சொன்னது: பங்காளிச் சண்டையில் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் கதையின் முடிவு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒரே ஒரு தடவை பணம் அனுப்பினார், அப்புறம் அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு இங்கே இருப்பவர்களை மறந்துவிட்டார்.

அவருடைய மனைவி, அதாவது ஆயாவின் பாட்டி, 1940-கள் வரை உயிரோடு இருந்தார். கடைசி வரைக்கும் தாலி கழற்றவில்லை. புருஷன் இருக்கிறாரா செத்தாரா என்று தெரியாதபோது எப்படிக் கழற்றுவது? சுமங்கலியாகவே எடுத்துக்கொண்டு போனார்கள். ஆயா இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: "அது நெசமா சுமங்கலியா, இல்லியா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வேலையை ஆரம்பித்தேன். இப்போது கையில் என்ன இருக்கிறது, எதை நம்பலாம், எங்கே தப்பு செய்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

பெயர்ப் பட்டியல் என்ன சொல்கிறது

முதலில் கொஞ்சம் பின்னணி. 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து போன "ட்ரூரோ" என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதுதான் இந்திய ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலுக்கு ஏற்றிப் போன முதல் கப்பல். அதிலிருந்து 1911-ல் ஆள் அனுப்புவது நிறுத்தப்படும் வரை மொத்தம் 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாகப் போனவர்கள், பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள். கரும்புத் தோட்டம், ரயில்வே, நிலக்கரிச் சுரங்கம், தேயிலைத் தோட்டம் என்று பல இடங்களில் அவர்கள் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள்.

நமக்குச் சாதகமான விஷயம் என்னவென்றால், இவர்கள் ஒவ்வொருவர் பெயரும் பதிவாகியிருக்கிறது. கப்பல் கப்பலாகப் பட்டியல் இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்து டர்பனில் உள்ள பல்கலைக்கழக ஆவண மையம் இணையத்திலும் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஓர் எண், பெயர், அப்பா பெயர், வயசு, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். சில வரிகளில் செத்தார், ஊர் திரும்பினார் என்ற குறிப்பும் உண்டு.

முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. நூற்றுப் பத்து வருஷத்துக்கு முன்னால் போன ஒரு கூலிக்காரரின் அப்பா பெயர் வரைக்கும் இருக்கிறதே, என்ன அக்கறை என்று தோன்றியது. அக்கறைதான், ஆனால் யாருக்காக என்பது பிறகுதான் உறைத்தது. அந்த எண்ணுக்குக் "காலனி எண்" என்று பெயர். தோட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு, கல்யாணப் பதிவு, குழந்தை பிறப்பு, சாவு என எல்லாவற்றிலும் அந்த எண்தான் ஆள். தழும்பு எழுதி வைத்தது ஓடிப்போனால் பிடிப்பதற்கு. அப்பா பெயரும் கிராமமும் ஒரே பெயருள்ள இரண்டு பேரைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்கு. ஐந்து வருஷ உழைப்பு பாக்கி இருக்கிற ஒருவரைத் தொலைத்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. சரக்கு ரசீது மாதிரி.

சவுண்டெக்ஸ் கைவிட்ட கதை

தேட ஆரம்பித்ததும் முதல் சிக்கல் எழுத்து. தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் கேட்டு எழுதியிருக்கிறார்கள். முனுசாமி ஒரு கப்பலில் மூன்சாமி, அடுத்ததில் முனிசாமி. கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். இன்றைக்கும் தென்னாப்பிரிக்காவில் இவை குடும்பப் பெயர்கள்.

டேட்டாபேஸ் ஆசாமிகள் இதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் சவுண்டெக்ஸ் முறை நமக்கு உதவாது. அது ஆங்கிலப் பெயர்களுக்குச் செய்தது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஏழுமலை என்ற பெயரை ஒரு குமாஸ்தா "எ"யில் ஆரம்பித்து எழுதுவார், இன்னொருவர் "யெ"யில் ஆரம்பிப்பார். சவுண்டெக்ஸுக்கு அவர்கள் இரண்டு வேறு ஆட்கள். கோபால் "க"விலும் வருவார், "ஹ" கலக்காத "ஜி"யிலும் வருவார். அதனால் நானே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். க-வும் அதன் மெல்லின ஒலியும் ஒன்று, ப-வும் ப-வின் மெல்லொலியும் ஒன்று, த, ட எல்லாம் ஒன்று, ச-வும் அதன் மாற்று எழுத்துகளும் ஒன்று, ல, ள, ழ மூன்றும் ஒன்று, உயிரெழுத்துகளை விட்டுவிடு. இவ்வளவுதான். இதிலேயே தேடல் பல மடங்கு நல்லாயிடுச்சு.

தேடினதும் பெயர் பொருந்தியவர்கள் பக்கம் பக்கமாக வந்தார்கள். தாத்தாவின் பெயர் வட ஆர்க்காட்டில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கும். அப்பா பெயரும் சேர்ந்து பொருந்துகிறவர்கள், வட ஆர்க்காடு ஜில்லாக்காரர்கள் என்று வடிகட்டியதில் மிஞ்சியது இரண்டே பேர். அவர்களை 'முதலாமவர்', 'இரண்டாமவர்' என்று வைத்துக்கொள்வோம்.

நான் செய்த தப்பு

முதலாமவரைப் பார்த்ததுமே அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பெயர் சரி, அப்பா பெயர் சரி, ஜில்லா சரி, கிராமத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து சரி. தாலுகா கட்டம் மட்டும் தெளிவாக இல்லை. வயசு 19 என்று இருந்தது, நம்ம ஆள் குழந்தை பெற்றவர், கொஞ்சம் இடித்தது. "குமாஸ்தா குத்துமதிப்பாகப் போட்டிருப்பான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொருந்தியதெல்லாம் ஆதாரம், பொருந்தாததெல்லாம் குமாஸ்தாவின் தப்பு. இந்த மனநிலை வந்துவிட்டால் யாரையும் யாருக்கும் தாத்தா ஆக்கிவிடலாம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இணையத்தில் குடும்ப மரம் போடும் ஒரு தளத்தில் முதலாமவரை எங்கள் மரத்தில் சேர்த்துவிட்டேன். ஆறே மாதத்தில் அது வேறு மூன்று மரங்களுக்குப் பிரதியாகிவிட்டது. ஒரு நாள் டர்பன் பக்கத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை மின்னஞ்சல் அனுப்பினார். முதலாமவர் அவருடைய அம்மா வழிப் பூட்டன். "நூறு வருஷத்துக்கு மேல் கழித்து எங்களுக்கு ஊரில் சொந்தம் கிடைத்திருக்கிறது" என்று எழுதியிருந்தார். தமிழ் பேச வராது, முழுக்க ஆங்கிலம்தான். ஆனால் ஆரம்பத்தில் "தம்பி" என்று கூப்பிட்டிருந்தார். அந்த அக்காவோடு இரண்டு வருஷம் படம், கல்யாணப் பத்திரிகை, பொங்கல் வாழ்த்து எல்லாம் பரிமாறிக்கொண்டோம். எங்கள் அப்பா அவரோடு வீடியோ காலில் பேசிக் கண்கலங்கினார்.

2021-ல் ஊரில் பழைய ஓட்டு வீட்டை இடித்தோம். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் ஆயாவின் அப்பா வைத்திருந்த காகிதங்கள் கிடைத்தன. அதில் ஓர் அடமானப் பத்திரம். எழுதிக்கொடுத்தவர் நெட்டால் தாத்தா. தொகை 80 ரூபாய். "குடும்பச் செலவுக்காகவும் முன் கடன் தீர்க்கும் வகைக்காகவும்" என்று அந்தக் காலத்துப் பத்திரங்களில் வரும் அதே வாசகம். கீழே கைநாட்டு. தேதி, சுபகிருது வருஷம் ஆடி மாதம்.

சுபகிருது என்றால் 1902 ஏப்ரலில் பிறந்த வருஷம். முதலாமவர் கப்பல் ஏறியது 1898-ல். 1898-ல் நேட்டாலுக்குப் போய் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டவர் 1902-ல் எங்கள் ஊரில் உட்கார்ந்து கைநாட்டு வைக்க முடியாது. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுபடி மூலப் பட்டியலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாலுகா கட்டத்தில் இருந்தது சித்தூர். எங்கள் ஊர் குடியாத்தம் தாலுகா. சித்தூர் அந்தக் காலத்தில் வட ஆர்க்காடு ஜில்லாவில்தான் இருந்தது. இருந்தது மட்டுமில்லை, ஜில்லாவின் தலைநகரமே அதுதான். 1911-ல்தான் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனாலும் தேடும்போது மனசில் இன்றைய வேலூர் மாவட்டத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடியிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பெயரிலேயே இன்னோர் ஊர் இன்றைய ஆந்திராவில் இருக்கிறது. முதலாமவர் அந்த ஊர்க்காரர்.

அக்காவுக்கு எழுத ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் பத்திரத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பி, நாம் சொந்தமில்லை, தப்பு என்னுடையது என்று எழுதினேன். நான்கு நாள் பதில் இல்லை. அப்புறம் வந்தது: "அப்போ எங்க ஊர் எது?"

போனேன். சித்தூரிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரம்தான். ஏரிக்கரை, ஒரு மாரியம்மன் கோயில், தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் பெரியவர்கள். அக்காவின் பூட்டனை அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. நூற்றிருபது வருஷம் ஆச்சு, எப்படி இருக்கும்? படம் எடுத்து அனுப்பினேன். இணையத்து மரத்திலிருந்து முதலாமவரை நீக்கினேன். பிரதி எடுத்த மூன்று பேரில் ஒருவர் நீக்கினார். மற்ற இரண்டு மரங்களில் அவர் இன்னமும் எங்கள் தாத்தாவாகவே இருக்கிறார்.

பத்திரத்தின் பின்பக்கம்

பத்திரத்தின் முன்பக்கம் ஒரு தப்பைத் திருத்தியது. பின்பக்கத்தில் அதைவிடப் பெரிய விஷயம் இருந்தது.

கடன் கொடுத்தவர், பணம் வரவரப் பத்திரத்தின் பின்னால் "வரவு" எழுதிக் கையெழுத்துப் போடுவது அப்போதைய வழக்கம். எங்கள் பத்திரத்தின் பின்னால் நான்கு வரவுகள். தேதிகள் எல்லாம் தமிழ் வருஷத்தில், தொகைகள் தமிழ் எண்களில். அப்பாவின் உதவியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தோம்.

முதல் வரவு குரோதி வருஷம் மாசி, அதாவது 1905-ன் தொடக்கம்: 20 ரூபாய். "நெட்டால் மணியாடர் வகையில்" என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது பராபவ வருஷம் ஐப்பசி, 1906: 25 ரூபாய். மூன்றாவது வரவு 15 ரூபாய். அதன் வருஷத்தைப் "பிலவ" என்று படித்தோம். பிலவ என்றால் 1901. கடன் வாங்குவதற்கு முன்னாலேயே எப்படித் திருப்பிக் கொடுப்பார்? கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தோம். அப்பாதான் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "டேய், இங்க மடிப்புல இன்னும் ரெண்டு எழுத்து இருக்குது" என்றார். பிலவங்க. அறுபது வருஷச் சுற்றில் பிலவ 35-ஆவது, பிலவங்க 41-ஆவது. ஆறு வருஷ வித்தியாசம். ஆக மூன்றாவது வரவு 1907 ஆவணி. பழைய பத்திரம் படிக்கிறவர்கள் இந்த ஜோடியை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு தடவை பணம் அனுப்பினார் என்ற வீட்டுக் கதை இங்கே ஆட்டம் காண்கிறது. மணியார்டர் என்று எழுதியிருப்பது முதல் வரவில் மட்டும்தான். மற்ற இரண்டும் எங்கிருந்து வந்த பணம் என்று பத்திரம் சொல்லவில்லை. ஆனால் அது நெட்டால் பணம் என்றால், அதன் கனத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நேட்டாலில் ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். ஒவ்வொரு வருஷமும் ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் வருஷம் 14 ஷில்லிங். அப்போது ஒரு பவுனுக்கு 15 ரூபாய். அதாவது முதல் வருஷச் சம்பளம் மாதம் ஏழரை ரூபாய். ஒரு நாளும் பிடித்தம் இல்லாமல் ஐந்து வருஷமும் முழுச் சம்பளம் வாங்கியிருந்தாலும் மொத்தம் 36 பவுன், 540 ரூபாய். வியாதி, பிடித்தம் எல்லாம் போக எவ்வளவு கைக்கு வந்திருக்கும்? அதிலிருந்து 60 ரூபாய் கடல் தாண்டி வந்து ஓர் அடமானத்தில் வரவாகியிருக்கிறது என்றால், அது மறந்துபோனவர் செய்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

பிடித்துக்கொண்டு போனார்கள் என்ற கதையையும் பத்திரம் கொஞ்சம் மாற்றுகிறது. 1883-ஆம் வருஷக் குடியேற்றச் சட்டப்படி ஒவ்வொருவரையும் அதிகாரி முன் நிறுத்தி, சம்மதமா என்று கேட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். காகிதத்தைக் கேட்டால் எல்லாரும் சம்மதித்துத்தான் போனார்கள். ஆனால் ஆடியில் 80 ரூபாய்க்கு நிலத்தை அடகு வைத்தவரிடம் மார்கழியில் சம்மதமா என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்? ஆயா சொன்ன "புடிச்சி ஏத்திட்டானுங்க" சட்டப்படி தப்பாக இருக்கலாம். பிடித்தது எது என்பதில்தான் வித்தியாசம்.

பணம் ஏன் நின்றது

மூன்றாவது வரவு 1907 ஆவணி. அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. 1902 கடைசியில் போயிருந்தால் 1907 கடைசியில் ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிகிறது. இந்த ஒற்றுமையைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது மூன்று பவுன் வரி.

1895-ல் நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. அதற்குப் பின் ஒப்பந்தத்தில் வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், இல்லை மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும். இரண்டும் செய்யாமல் அங்கேயே இருந்தால் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங், ஐந்தாம் வருஷச் சம்பளத்தில் நான்கு மாதத்துக்கும் மேல். நம் பணத்தில் 45 ரூபாய், அடமானத்தில் பாதிக்கு மேல். இந்த வரியை எதிர்த்துத்தான் 1913-ல் நியூகாஸில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், காந்தியோடு எல்லை தாண்டி நடந்தார்கள். 1914-ல் வரி ரத்தானது. தில்லையாடி வள்ளியம்மை என்றதும் நமக்கு நினைவு வரும் அந்தப் போராட்டத்தின் நடுவில் இந்த மூன்று பவுன் இருக்கிறது.

ஆக, பணம் நின்றதற்கு இன்னொருத்தி காரணமாக இருக்க வேண்டியதில்லை, வரியே போதும் என்று ஒரு பதிவு எழுத உட்கார்ந்தேன். நல்ல வேளை, அதற்கு முன் இரண்டாமவரின் வரியை ஒழுங்காகப் பார்த்தேன்.

இரண்டாமவர் மதராஸிலிருந்து கப்பல் ஏறியது 1902 கடைசியில். வயசு 27. அப்பா பெயர் சரி. தாலுகா குடியாத்தம். கிராமத்தின் பெயர் ஓர் எழுத்து பிசகி இருக்கிறது, ஆனால் குடியாத்தம் தாலுகாவில் அந்த ஒலிக்கு நெருக்கமான வேறு ஊர் எனக்கு அகப்படவில்லை. இடது புருவத்தின் மேல் தழும்பு. கடைசியில் ஒரு குறிப்பு: இறப்பு, 1908.

எவ்வளவு நம்பலாம்

முதலாமவர் விஷயத்தில் சூடு பட்டதால் இந்தத் தடவை ஒரு எக்செல் தாளில் மூன்று பத்தி போட்டேன். பொருந்துவது, பொருந்தாதது, சோதிக்க முடியாதது.

பொருந்துவது: பெயர், அப்பா பெயர், தாலுகா, ஏறக்குறைய கிராமம், வயசு, பத்திரத்துக்குச் சில மாதம் பின்னால் பயணம், கடைசி வரவுக்குப் பின்னால் இறப்பு.

பொருந்தாதது: சாதி. பட்டியலில் எழுதியிருப்பது எங்கள் சாதி இல்லை. எது என்பது இங்கே முக்கியமில்லை. டிப்போவில் சாதி மாற்றிச் சொன்னவர்களும் உண்டு, கேட்டவர் தனக்குத் தெரிந்த பெயரை எழுதியதும் உண்டு. ஆனால் "குமாஸ்தாவின் தப்பு" என்று தள்ளிவிட்டால் மறுபடி பழைய குழிதான். அதனால் அது பொருந்தாத பத்தியிலேயே இருக்கட்டும்.

சோதிக்க முடியாதது: தழும்பு. அவருடைய புருவத்தைப் பார்த்த யாரும் இன்றைக்கு இல்லை. அந்தத் தழும்பை எழுதியவர்களுக்கு அதுதான் மிக உபயோகமான தகவல். எனக்கு எதற்கும் உதவாத ஒரே தகவல் அது.

இன்னொரு எச்சரிக்கை. நம்மில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். அதனால் இரண்டு பெயர்களே ஒரு வம்சத்தில் மாறி மாறி வரும், பங்காளி வீடுகளிலும் அதே பெயர் திரும்பும். பெயரும் அப்பா பெயரும் பொருந்துவது வெள்ளைக்காரக் குடும்பங்களில் தரும் அளவுக்கு நமக்கு உறுதி தராது.

எல்லாம் கூட்டிக் கழித்தால், இரண்டாமவர்தான் நெட்டால் தாத்தா என்று எழுபது சதவீதம் சொல்வேன். இது கணக்குப் போட்டு வந்த எண் இல்லை, மனசில் படுவது. இன்னொரு கல்யாணம் செய்தாரா என்பதற்கு எழுபதும் சொல்ல முடியாது. கல்யாணப் பதிவு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் பதியாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களும் அங்கே ஏராளம்.

நான்காவது வரவு

பத்திரத்தின் பின்னால் நான்கு வரவுகள் என்றேன், மூன்றைத்தான் சொன்னேன். நான்காவது சௌமிய வருஷம் தை மாதம், 1910-ன் தொடக்கம். பாக்கி அசலும் வட்டியும் சேர்த்து 31 ரூபாய், "மேற்படியார் பெண்சாதி வசம் ரொக்கம் பெற்றுக்கொண்டு பத்திரம் செல்லடித்து" திருப்பிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறது.

மேற்படியார் பெண்சாதி. கையில் குழந்தை, புருஷனைப் பற்றிச் செய்தி இல்லை, 1907-க்குப் பின் பணமும் இல்லை. இரண்டு வருஷத்தில் 31 ரூபாய் சேர்த்து நிலத்தை மீட்டிருக்கிறார். என்ன வேலை செய்தார், யாரிடம் கேட்டார், எதை விற்றார் என்று ஒரு காகிதமும் சொல்லவில்லை. அந்த நிலத்தில்தான் ஆயாவின் அப்பா விவசாயம் செய்தார். அந்த நிலத்தின் ஒரு பங்கை விற்றுத்தான் எங்கள் அப்பாவைப் படிக்க வைத்தார்கள். நான் பிஇ படித்ததை அங்கிருந்து ஆரம்பித்து எழுத வேண்டும்.

எட்டு வருஷமாக நான் தேடியது கப்பல் ஏறினவரைத்தான். அவருக்கு எண் இருக்கிறது, வயசு இருக்கிறது, புருவத்துத் தழும்பு வரைக்கும் இருக்கிறது. பாட்டிக்கு என்ன இருக்கிறது என்று தேடினேன். பட்டா அவர் பெயரில் இல்லை. எங்கள் ஊரின் அந்தக் காலத்து இறப்புப் பதிவேடு எனக்குக் கிடைக்கவில்லை. வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டு வருவதற்கு முன்பே இறந்துவிட்டதால் வாக்காளர் பட்டியலும் இல்லை. அந்த முதல் பட்டியலிலேயே, சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று பதிந்துகொண்ட சுமார் 28 லட்சம் பெண்களை நீக்க வேண்டியிருந்தது என்பது வரலாறு. அவர்களில் பெரும்பாலோர் வட இந்தியப் பெண்கள். எங்கள் பாட்டி ஒருவேளை தன் பெயரைச் சொல்லியிருப்பார். கேட்கத்தான் யாரும் இல்லை.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நம்மைப் போன்ற குடும்பங்களைப் பற்றிக் காகிதம் இருக்கிறது என்றால், பெரும்பாலும் யாருக்கோ நாம் பாக்கி வைத்திருந்தோம் என்று அர்த்தம். தாத்தா நேட்டாலுக்கு ஐந்து வருஷம் பாக்கி, அதனால் கப்பல் பட்டியல். ஊரில் 80 ரூபாய் பாக்கி, அதனால் பத்திரம். பாக்கி தீர்ந்த இடத்தில் காகிதம் நின்றுவிடும். பாட்டி யாருக்கும் பாக்கி வைக்கவில்லை. பாக்கியைத் தீர்த்தவர் என்பதால் அரை வரி கிடைத்தது, அதிலும் பெயர் இல்லை. அதனால் ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்ததும், இதில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்னால், இது யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக் கதைகளையும் அப்படித்தான் கேட்கிறேன். "இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டார்" என்ற கதையும் அந்த வீட்டில் யாருக்கோ தேவைப்பட்டிருக்கும். செத்துவிட்டார் என்று நினைத்தால் தாலி கழற்ற வேண்டும். மறந்துவிட்டார் என்று நினைத்தால் போட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஆயா 2009-லேயே போய்விட்டார். 1908 என்ற அந்தக் குறிப்பை அவரிடம் காட்ட முடியவில்லை. காட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரா என்றும் தெரியவில்லை.

அப்பாவிடம் காட்டினேன். எழுபது சதவீதம், சாதி பொருந்தவில்லை, எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தேதி தெரியாதவங்களுக்கு மகாளய அமாவாசையில குடுக்கலாம்டா. அதுக்கு உன் பர்சன்டேஜ் வேணாம்" என்றார். இரண்டு வருஷமாகக் கொடுக்கிறார். தாத்தா பெயரோடு பாட்டி பெயரையும் சேர்த்துச் சொல்கிறார். பாட்டியின் பெயர் ஆயா சொல்லி எங்களுக்குத் தெரியும்.

இரண்டாமவரின் காலனி எண்ணையும் கப்பல் பெயரையும் வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே யாராவது ஒரு மரத்தில் ஒட்டிவிடுவார்கள், எழுபது நூறாகிவிடும். அவருடைய இறப்புப் பதிவின் முழு நகல் கிடைத்து, அதில் ஊர் பெயர் சரியாக இருந்தால் அப்போது எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பத்திரம் இருந்தால், லேமினேட் செய்யக் கொடுப்பதற்கு முன் தயவுசெய்து பின்பக்கத்தைப் பாருங்கள். படம் எடுத்து வையுங்கள். தமிழ் வருஷம் படிக்க வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து படிப்போம்.